கையின் தடம் குறையாகுமா? புதுச்சேரி நீலத்துணி சொல்லும் பாடம்



வெள்ளை நூலில் குரோஷா ஊசி கொண்டு பின்னிய தொழுகைத் தொப்பிகள் நம் வீடுகள் பலவற்றில் இன்னும் இருக்கின்றன. பாட்டியோ பெரியம்மாவோ ஓய்வு நேரத்தில் பின்னித் தந்தவை அவை. பெருநாள் நெருங்கும்போது கடைகளில் இயந்திரத் தொப்பிகள் அடுக்கடுக்காய் வந்து நிற்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைகள், வீட்டுத் தொப்பியில் ஒரு வரிசை இறுகியும் அடுத்த வரிசை தளர்ந்தும் இருப்பதைச் சுட்டிக்காட்டுகின்றனர். பின்னியவரும் "சரியாக வரவில்லை" என்று கூசிப் போகிறார். சிலர் முழுவதையும் பிரித்தெறிந்துவிட்டு ஊசியை மூடி வைத்துவிடுகின்றனர்.

கையால் செய்த பொருளில் தென்படும் ஏற்ற இறக்கம் ஒரு குறையா? குறை என்றால் எதைச் சொல்கிறோம்? அதை நிர்ணயிப்பவர் யார்? இவை அழகு சார்ந்த கேள்விகள் போலத் தோன்றினும், கொடுக்கல் வாங்கலைப் பற்றி நம் மார்க்கம் வகுத்துள்ள சட்டங்களுக்குள்ளும் இவை நுழைகின்றன. நாம் வாழும் புதுச்சேரியின் வரலாற்றிலேயே இவற்றுக்கு விடை தேட முடியும். ஒரு காலத்தில் இவ்வூரிலிருந்து கப்பலேறிய நீலத்துணியின் கதை அது.

நீலத்துணியின் ஊர்

1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கும்பெனியின் பண்டகசாலையை நிறுவியபோது அவர் தேடி வந்த பொருள்களில் முதன்மையானது பருத்தித் துணியே. சோழமண்டலக் கரை முழுவதும் நெசவாளர் ஊர்கள் நிறைந்திருந்தன. நகரின் வடக்கே உள்ள முத்தியால்பேட்டை இன்றும் நெசவாளர் குடியிருப்பு என்றே பெயர் பெற்றுள்ளது. கும்பெனி வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் அதை நெசவாளருக்குக் கொடுப்பர். நெய்து முடிந்த துணி கும்பெனிக் கிடங்குக்கு வந்ததும் அங்கே அளந்து, தரம் பிரித்து, ஏற்கத்தக்கதை ஏற்றுப் பிறவற்றைத் திருப்பி அனுப்புவர். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) எழுதிய நாட்குறிப்பைப் படிப்போர், அரசியலும் போரும் நடந்த அந்நாள்களில் துணிக் கணக்கு எத்துணைப் பெரிய விவகாரமாக இருந்தது என்பதை அறிவர்.

இத்துணிகளுள் அவுரிச் சாயத்தில் தோய்த்த அடர்நீலத் துணி ஒன்று தனிச் சிறப்புப் பெற்றது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையான கினி நாடுகளுக்கு அது பெருமளவில் சென்றதால் பிரெஞ்சுக்காரர் அதற்கு 'கினே' என்றே பெயரிட்டனர். புதுச்சேரியில் கப்பலேறும் துணி பிரான்சின் துறைமுகங்களை அடைந்து, அங்கிருந்து செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சேன்லூயி நகருக்குப் போகும். அங்கிருந்து ஆற்றின் வழியே சகாரா பாலைவனத்தின் விளிம்புக்குச் செல்லும்.

அந்தத் துணியை வாங்கியவர்களுள் பெரும்பாலோர் நம் மார்க்கச் சகோதரர்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஆற்றின் வடகரையில் திரார்ஸா, பிராக்னா முதலிய அமீரகங்களில் வாழ்ந்த முஸ்லிம்கள், பாலைவனத்து வேல மரங்களிலிருந்து கிடைத்த பிசினைக் கொடுத்து நீலத்துணியைப் பெற்றனர். காலப்போக்கில் அத்துணியே அங்கு நாணயமாகிவிட்டது. பொருள்களின் விலையை இத்தனை துணி என்றே பேசினர். அவர்கள் கொடுத்த பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுத் தொழிலில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. புதுச்சேரியில் கையால் செய்த துணி, ஐரோப்பாவில் இயந்திரத்தால் அச்சிடும் துணிக்கு வேண்டிய பிசினை வாங்கித் தந்தது!

தாழியின் முன் நிற்கும் சாயக்காரர்

இந்தத் துணி எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால்தான் அதன் ஏற்ற இறக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

அக்காலத்தில் பெண்கள் வீட்டில் ராட்டையில் நூற்ற நூலில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். அந்நூலைத் தெருவில் நீளமாகப் பாவு விரித்துக் கஞ்சியிட்டு உலர்த்துவர். வெயில் ஏறுவதற்கு முன் அப்பணி முடிய வேண்டும். மழை தூறினாலும் காற்று வறண்டாலும் நூலின் இறுக்கம் மாறும். பின்னர்க் குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் நாடாவை வீசி ஊடை இழைகளைச் சேர்ப்பார். காலையில் அவர் கை அடித்த அடியும் மாலையில் களைத்த கை அடித்த அடியும் ஒன்றாக இரா. துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்த வேறுபாட்டைக் காணலாம்.

அடுத்தது சாயம். அவுரிச் செடியின் இலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்த நீரைக் கலக்கி அடித்து, அடியில் படியும் நீல வண்டலை உலர்த்திக் கட்டிகளாக்குவர். அக்கட்டி தண்ணீரில் கரையாது. அதனைக் கரையச் செய்வதற்குச் சுண்ணாம்பு, உவர்மண், வேகவைத்த தகரை விதை ஆகியவற்றைச் சேர்த்துத் தாழியில் மீண்டும் புளிக்க விடவேண்டும். தாழிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. இன்று நாம் அறிந்துள்ள இந்த அறிவியல் அக்காலச் சாயக்காரருக்குத் தெரியாது. ஆனால் தாழி உயிருள்ளது என்பதை அவர் அறிவார். மேலே எழும் நுரையின் நிறம், நீரின் மணம், கைவிரலில் ஒட்டும் வழவழப்பு ஆகியவற்றைக் கொண்டே அது பதமாயிற்றா என்று கணிப்பார். குளிர் நாளில் தாழி சோம்பும். வெப்ப நாளில் விரையும். ஒரு பிடி சுண்ணாம்பு கூட்டுவதா, ஒரு நாள் காத்திருப்பதா என்பதை அந்த வேளையில் அவரே முடிவு செய்ய வேண்டும். எழுதி வைத்த அளவுகள் அங்கு முழுவதும் உதவா.

தாழியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டவுடன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். அடர்த்தி வரும் வரை மீண்டும் மீண்டும் தோய்ப்பர். பிறகு கஞ்சியிட்டு, மரக் கொட்டாப்புளியால் அடித்து மினுமினுப்பு ஏற்றுவர். இத்தனை கைகள் பட்ட துணியில் ஒரு துண்டைப் போல் மற்றொரு துண்டு எப்படி இருக்க முடியும்? ஒவ்வொன்றும் அதற்குரிய நாளையும் வானிலையையும் கையையும் ஏந்திக்கொண்டே கப்பலேறியது.

பாலைவனத்தில் நடந்த தேர்வு

இனி வாங்கியவர் பக்கம் வருவோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ருவான் நகரத்து ஆலை முதலாளிகள் ஒரு கணக்குப் போட்டனர். செனகலில் இத்துணைத் துணி விற்கிறது என்றால், அதை ஏன் இந்தியாவிலிருந்து கொண்டுவர வேண்டும்? இழை சீரான, அகலம் ஒரே அளவான, நிறம் ஒரே படியான நீலத்துணியை இயந்திரத்தில் செய்துவிடலாமே! அவ்வாறே செய்து அனுப்பினர்.

ஆற்றங்கரைச் சந்தையில் அத்துணியை ஏற்க மறுத்துவிட்டனர்.

அந்த முஸ்லிம் வணிகர்கள் துணியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தனர். அவுரித் தாழியின் மணம் அதில் இல்லை. விரலால் தடவினர்; அடித்து ஏற்றிய மினுமினுப்பு இல்லை. புதுச்சேரித் துணியின் நீலம் உடுத்துபவரின் தோலில் ஒட்டும். இன்றைய கடையில் அப்படி ஒரு துணி கிடைத்தால் "சாயம் போகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். பாலைவன மக்களோ அந்த நீலத்தை விரும்பினர். தோலில் நீலம் படிந்ததால்தான் சகாராவின் நாடோடிகளை ஐரோப்பியர் 'நீல மனிதர்' என்று அழைக்கலாயினர். சாயம் ஒட்டாத துணி அவர்களின் பார்வையில் போலி.

ஆலை முதலாளி குறை என்று கருதி நீக்கியவற்றையே வாங்குபவர் உண்மையின் அடையாளமாக வைத்திருந்தார். மணமும் மினுமினுப்பும் ஒட்டும் நீலமும் இத்துணி இன்ன ஊரில், இன்ன முறையில், கைகளால் செய்யப்பட்டது என்பதற்கான சாட்சிகள்.

ஆயினும் அவ்வணிகர்கள் எல்லா ஏற்ற இறக்கத்தையும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நீளம் குறைந்த துணியையும், இழை குறைத்து நெய்து கனமில்லாமற்போன துணியையும், மேலோட்டமாகத் தோய்த்த துணியையும் அவர்கள் கண்டுபிடித்து மறுத்தனர். அத்தகைய துணிகள் சந்தைக்கு வந்தபோது புகார்கள் எழுந்தன. பிரெஞ்சு அரசே நீளம், எடை, தரம் ஆகியவற்றுக்கு விதி வகுக்க நேர்ந்தது. கையின் தடத்தை ஏற்றனர். கையின் களவை ஏற்கவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஃபிக்ஹு வகுக்கும் அளவுகோல்

அந்தப் பாலைவன வணிகர்கள் செய்த பாகுபாட்டை நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வரையறுத்துள்ளன. விற்ற பொருளில் குறை தெரியவந்தால் வாங்கியவர் அதைத் திருப்பித் தரும் உரிமை பெறுகிறார். இதற்குக் 'கியாருல் ஐப்' என்று பெயர். அப்படியானால் 'ஐப்', அதாவது குறை, என்பது யாது?

ஷாஃபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவி (ரஹ்) இதனைச் சுருக்கமாக விளக்குகின்றார்கள். அதன் கருத்து இது: பொருளின் தன்மையையோ விலையையோ குறைத்து, வாங்கியவரின் நியாயமான நோக்கத்தைக் கெடுப்பது குறை ஆகும். ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. அந்த வகைப் பொருளில் பெரும்பாலும் அது காணப்படாததாக இருக்க வேண்டும். ஹனஃபீ அறிஞர்களும் வணிகர்களின் வழக்கத்தில் விலையைக் குறைப்பது எதுவோ அதுவே குறை என்று கூறி, வழக்கத்தின் பக்கமே நம்மைத் திருப்புகின்றனர்.

அந்த நிபந்தனையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு பொருளின் குறையை அதன் இனத்தை வைத்தே அளக்க வேண்டும் என்கிறது சட்டம். கைத்தறித் துணியில் ஓரிடம் நூல் தடித்திருப்பது அந்த இனத்தின் இயல்பு. ஆலைத் துணியில் அதே தடிப்பு இருந்தால் அது குறை. கையால் பின்னிய தொப்பியில் கண்ணிகள் சற்றே இறுகித் தளர்வது இயல்பு. ஒரு கண்ணி விட்டுப்போய்த் தொப்பி பிரிந்து வருவது குறை. இயந்திரத் தொப்பியை அளவுகோலாக வைத்து வீட்டுத் தொப்பியைக் குறைசொல்வது ஒரு பொருளை மற்றோர் இனத்தின் தராசில் நிறுப்பதாகும். பிள்ளைகளுக்கு இதை நாம் இவ்வாறே எடுத்துச் சொல்லலாம்.

குறை இருந்தாலும் விற்பது தடை செய்யப்படவில்லை. மறைப்பதே தடை. சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வணிகரிடம் காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். நனைந்ததற்காக அவரைக் கண்டிக்கவில்லை. மழை அவர் கையில் இல்லை. மேலே வைப்பதா அடியில் வைப்பதா என்பது அவர் கையில் இருந்தது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகம் செய்தவர்கள். தம் கூட்டாளி ஹஃப்ஸிடம் துணிகளை ஒப்படைத்தபோது, இன்ன துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது அதைச் சொல்லிவிடும் என்று கூறினார்கள். ஹஃப்ஸ் அதை விற்றுவிட்டார். குறையைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாம் அவர்கள் அத்துணியின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். துணியில் இருந்த குறை அவர்களை வருத்தவில்லை. சொல்லப்படாத குறை அவர்களால் தாங்க முடியாததாக இருந்தது.

சாயம் போகும் என்று சொல்லி விற்ற துணி

இதே பாடத்தை நம் கடற்கரையின் இன்னொரு துணியும் கற்பித்திருக்கிறது. சென்னையைச் சுற்றிய கிராமங்களில் இயற்கைச் சாய நூல்களால் நெய்த கட்டம் போட்ட துணியை உலகம் 'மெட்ராஸ்' என்றே அழைக்கிறது. 1958இல் அமெரிக்க வணிகர் ஒருவர் அதைப் பெருமளவில் வாங்கிச் சென்று நியூயார்க்கின் பெயர்பெற்ற உடை நிறுவனத்துக்கு விற்றார் என்பது துணி வணிகர் பலகாலமாகச் சொல்லிவரும் செய்தி. குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும், சாயம் கசியும் என்று இங்கிருந்தவர்கள் சொல்லி அனுப்பியிருந்தனர். அது வாடிக்கையாளரைச் சென்றடையவில்லை. முதல் சலவையிலேயே நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. கோபம் கொதித்தது, வழக்குத் தொடரும் பேச்சும் எழுந்தது.

பின்னர் அந்நாட்டு வணிகர்கள் உண்மையையே விளம்பரமாக்கினர். ஒவ்வொரு சலவையிலும் இதன் நிறங்கள் கலந்து புதிய சாயல் பெறும், சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்றனர். அதே துணியை மக்கள் தேடித் தேடி வாங்கினர். நெசவும் நூலும் சாயமும் மாறவில்லை. முதலில் மறைந்து கிடந்த உண்மை, பிறகு சொல்லப்பட்டது. மாறியது அவ்வளவே.

வேண்டுமென்றே பிழை செய்ய வேண்டுமா?

இங்கு ஒரு தவறான கருத்தையும் நீக்க வேண்டியுள்ளது. முஸ்லிம் கைவினைஞர்கள் "முழுமை அல்லாஹ்வுக்கே உரியது" என்று கருதித் தம் கம்பளத்திலும் துணியிலும் வேண்டுமென்றே ஒரு பிழையை வைப்பர் என்று ஒரு கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. நம்மவர்களும் பெருமையோடு அதைப் பகிர்கின்றனர். குர்ஆனிலோ ஹதீஸிலோ இதற்கு ஆதாரம் இல்லை. சற்றுச் சிந்தித்தால் அதில் பணிவும் இல்லை. வலிந்து ஒரு பிழையை வைக்காவிட்டால் தம் வேலை முழுமை பெற்றுவிடும் என்று எண்ணுபவர்தாமே அதைச் செய்ய முடியும்?

அல்-முல்க் அத்தியாயம் வானத்தின் பக்கம் நம் பார்வையைத் திருப்பி, அளவற்ற அருளாளனின் படைப்பில் பிளவு ஏதும் தெரிகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்கச் சொல்கிறது. பார்வை களைத்துத் திரும்பும் என்கிறது. நம் வேலையிலோ ஒருமுறை பார்த்தாலே போதும், குறைகள் தாமே தெரியும். நாம் கூட்டிச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

நம் மீதுள்ள கடமை வேறு. எந்தச் செயலையும் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் எல்லாவற்றிலும் விதித்துள்ளான் என்பதும், ஒருவர் ஒரு வேலையைச் செய்யும்போது திருத்தமாகச் செய்வதை அவன் நேசிக்கிறான் என்பதும் நபிமொழிகளின் கருத்து. ஆகவே "கையால் செய்தது அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக் கவனக்குறைவை மூடி மறைக்க மார்க்கத்தில் இடமில்லை. முழுக் கவனத்தோடு செய்த பின்னும் எஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கமே கையின் தடம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

பின்னல் கலையின் வரலாற்றிலும் இதைக் காணலாம். உலகில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய பின்னலாடைத் துண்டுகளுள் பல எகிப்தில் கிடைத்தவை; இஸ்லாமிய ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த அவை நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால் பின்னியவை. ஸ்பெயினின் புர்கோஸ் நகரில் லாஸ் ஹுவெல்காஸ் மடத்தில் 1275இல் இறந்த இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறையைத் திறந்தபோது பட்டுநூலால் மிக நுண்மையாகப் பின்னிய தலையணை உறை கிடைத்தது. கிறித்தவ இளவரசரின் தலைக்குக் கீழே இருந்த அதில் கூஃபி எழுத்தில் 'பரக்கத்' என்ற அரபுச் சொல் பின்னப்பட்டிருந்தது. முஸ்லிம் கைகளின் வேலை என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். இன்று நம் வீட்டில் தொப்பி பின்னும் பெண்களுக்கு இந்த நெடிய மரபு சொந்தம். தங்களால் இயன்ற மிக நுண்மையான வேலையையே அந்த முன்னோர் செய்தனர். பணிவை அவர்கள் அச்சொல்லின் பொருளில் வைத்தனர். பரக்கத் அல்லாஹ்விடமிருந்து வருவது.

கையால் நெய்த போர்வை

ஸஹீஹ் புகாரியில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமானது. ஒரு பெண்மணி கரையோடு நெய்த போர்வை ஒன்றை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்து, தாங்கள் உடுத்துவதற்காக இதை என் கையாலேயே நெய்தேன் என்றார். நபியவர்களுக்கு அப்போது அது தேவையாகவும் இருந்தது. பெற்றுக்கொண்டு அதை உடுத்தியபடி தோழர்களிடம் வந்தார்கள். அங்கிருந்த ஒருவர் அதைத் தமக்குத் தருமாறு கேட்டார், நபியவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தேவையானதைக் கேட்டுவிட்டீரே என்று மற்றவர்கள் கடிந்தபோது, தம்முடைய கஃபனாக ஆக வேண்டும் என்பதற்காகவே கேட்டதாக அத்தோழர் கூறினார். அவ்வாறே அது அவருடைய கஃபனாயிற்று.

அந்தப் பெண்மணியின் பெயர்கூட அந்த அறிவிப்பில் இல்லை. அவருடைய நெசவு எத்தனை சீராக இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. தம் கையால் நெய்தது என்று அவர் சொன்ன சொல் மட்டும் நூற்றாண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்துள்ளது. நபியவர்கள் தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டார்கள் என்பதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். உலகத்துக்கு வழிகாட்டியாக வந்தவர்களின் ஆடையில் தையல் தெரிந்தது.

பெருங்குறை எங்கே இருந்தது?

நீலத்துணியின் வரலாற்றைச் சொல்லும்போது அதன் அழகை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. குறையை அடியில் வைத்து விற்பதற்கு ஒப்பாகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்குவதற்குக் கொடுக்கப்பட்ட பண்டங்களுள் இந்தியத் துணிகளும் இருந்தன. நம் கடற்கரைக் கைகள் நெய்த துணி, தாங்கள் ஒருபோதும் காணாத மனிதர்களின் விலையாயிற்று. இங்கேயோ முன்பணம் வாங்கிய நெசவாளர், துணி நிராகரிக்கப்படும் போதெல்லாம் கடனில் மூழ்கினார். துணியில் ஒரு நூல் தடித்திருப்பதைக் கண்டுபிடித்த கிடங்குக் கண்கள் இவற்றைக் குறையாகக் கண்டதில்லை.

1820களின் இறுதியில் புதுச்சேரியிலேயே இயந்திர ஆலை எழுந்தது. அடுத்தடுத்து வந்த ஆலைகளும் நீலத்துணியை உற்பத்தி செய்து செனகலுக்கு அனுப்பின. கையால் நூற்ற நூல் மறைந்தது; கைத்தறி பின்தங்கியது. 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அவுரித் தாழிகளும் ஒவ்வொன்றாக வற்றின. ஆலைத் துணி சீரானது. ஆலைக்குள் வாழ்க்கை அவ்வாறில்லை. வேலை நேரத்தையும் கூலியையும் நெறிப்படுத்தக் கோரிப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்று அந்த ஆலைகளும் இல்லை. நகரின் பெரிய ஆலையான ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டது. துணியின் குறையை மட்டும் பார்த்துத் துணி செய்பவரைப் பார்க்காத கண், எல்லாவற்றையும்விடப் பெரிய குறையைத் தவறவிடுகிறது.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

இவ்வரலாற்றிலிருந்து அன்றாட வாழ்வுக்குச் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வாங்கும்போது. கைத்தறிக் கைலியில் நூல் தடிப்பைக் கண்டதும் விலையைக் குறைக்கச் சொல்லி அடம் பிடிக்க வேண்டாம். அது அப்பொருளின் இனத்துக்குரிய இயல்பு. கிழிசலோ நீளக் குறைவோ இருந்தால் கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, விற்கும்போது. நம் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே தொப்பி, குழந்தை ஆடை, பை ஆகியவற்றைப் பின்னி விற்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிக்குரியது. ஒவ்வொன்றும் சற்றே வேறுபடும், நிறம் இவ்வளவு மங்கும், இவ்வாறு துவைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆலையில் வாங்கிய பொருளைக் கைவேலை என்று சொல்லி விற்பதோ ஈரத் தானியத்தை அடியில் வைப்பதற்கு ஒப்பானது. வாங்குபவர் ஏமாறாதிருக்கவே 2006 முதல் கைத்தறிப் பொருள்களுக்கு அரசு கைத்தறி முத்திரை வழங்கி வருகிறது. முத்திரை இல்லாத வீட்டு விற்பனையில் நம் நாவே முத்திரை.

மூன்றாவது, கற்பிக்கும்போது. பின்னலில் பிழை நேர்ந்தால் இரண்டு வரிசை பிரித்துத் திருத்துவது கற்றலின் ஒரு பகுதி; அதைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். ஆனால் கடையில் உள்ளதைப் போல் வரவில்லை என்பதற்காக முடித்த வேலையை முழுவதும் பிரித்தெறிய விடாதீர்கள். அந்-நஹ்ல் அத்தியாயத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிவிட்ட பெண் உவமையாகக் கூறப்படுகிறாள். உடன்படிக்கையை முறிப்போருக்காகச் சொல்லப்பட்ட உவமை அது. உழைப்பைத் தன் கையாலேயே பாழாக்குவது எத்துணை வருந்தத்தக்கது என்பதை எல்லோரும் உணர்ந்திருப்பதால்தான் அவ்வுவமை நெஞ்சைத் தைக்கிறது.

நான்காவது, பெறும்போது. ஒருவர் நமக்கென்று பின்னித் தந்ததை அவர் கண்முன் உடுத்திக்காட்டுவது நபிவழியின் அழகு. நபி (ஸல்) அவர்கள் அந்தப் போர்வையை உடனே உடுத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். வீட்டுத் தொப்பியை அணிந்து பள்ளிவாசலுக்குச் செல்லும் பிள்ளை, பாட்டிக்கு எத்துணை மகிழ்ச்சியைக் கொடுக்கிறான் என்பதைப் பெற்றோர் அவனுக்கு உணர்த்த வேண்டும்.

செனகல் ஆற்றங்கரையில் நீலத்துணியை முகர்ந்து பார்த்த அந்த முஸ்லிம் வணிகர்கள் புதுச்சேரியைக் கண்டதில்லை. நெய்தவரின் பெயரை அறிந்ததில்லை. துணியில் இருந்த தடங்களைக் கொண்டே ஒரு நேர்மையான கையை அவர்கள் அடையாளம் கண்டனர். நம் கைகள் செய்யும் வேலையிலும் அத்தகைய தடம் இருக்கட்டும். களவின் தடம் இல்லாதிருக்கட்டும்.

எல்லாவற்றையும் குறையின்றிப் படைத்த அல்லாஹ், குறையுள்ள நம் கைகளின் உழைப்பை ஏற்று அதில் பரக்கத் செய்வானாக! மறைத்து விற்கும் நாவிலிருந்தும், பிறர் உழைப்பை இகழும் கண்ணிலிருந்தும் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.